மறுகா

பெயின்ட் கடைக்கு மேல்மாடி.
வாடகை இருபத்தெட்டாயிரம், படியேறும்போது தின்னர் மணம் இலவசம்.
கல்முனை பஸ்களின் ஹோர்ன்
எங்கள் ஒலிப்பதிவுக்குள் வந்து
சம்பளம் கேட்காமல் நடித்துவிட்டுப் போகும்.

நான் இங்கே கணக்கு. றிஸ்மியா.
நாடகம் பார்ப்பதில்லை.
வவுச்சரில் வாசிக்கிறேன்:
சவப்பெட்டி, இரண்டு நாள் வாடகை.
யாரோ சாகப்போகிறார்.
மணமாலை ஒரு சோடி, பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தது.
அந்தக் கலியாணம் நடக்கவில்லை.
உப்புக்காற்று தின்ற டிஷ் ஆணிகள்,
தேய்மானம் பதினெட்டு வீதம்.
இது கதையில் வராது,
ஆனால் கதையை விட நிச்சயம்.

தவநேசன் முதலாளி முதல் நாளே சொன்னார்:
"எல்லாருக்கும் வேணாம் புள்ள.
லட்சம் பேர் சும்மா பார்த்துத் தூங்கிறதை விட
ஆயிரம் பேர் காசு கட்டிப்போட்டு முழிச்சிருக்கட்டும்."
மாதம் ஆயிரத்து இருநூறு.
வாரம் ஒரே ஒரு பகுதி, வியாழன் எட்டரை.
விளம்பரம் கிடையாது.

கொழும்பிலிருந்து சவர்க்காரக் கம்பனி வந்தது,
ஏசி வேனில், நீலக் கோப்போடு.
நடுவில் முப்பது செக்கன் போதும் என்றது.
அந்தத் தொகையை நான் இரண்டு தரம் வாசித்தேன்.
எட்டு மாத வாடகை.
முதலாளி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார்:
"கதை நிக்கிற இடம்தான் தம்பி என்ட கடை.
அதை உங்களுக்கு வித்துப்போட்டு
நான் எதை விக்கிற?"

வேன் போனபிறகு எனக்குச் சொன்னார்,
நாம விக்கிறது நாடகம் இல்ல, மறுகா.

கதை கேட்கும் பிள்ளையும்
கடன் கேட்கும் கடைக்காரரும்
இந்தக் கரையில் சொல்கிற அதே சொல்.
மறுகா?

கார்த்திகையில் கடல் அடித்தது.
தோணிகள் மேலேறிக் கவிழ்ந்து கிடந்தன.
ஆயிரத்து அறுபத்து மூன்று, எண்ணூற்று எழுபத்தொன்றாக இறங்கிற்று.
சமப்புள்ளி தொள்ளாயிரத்து நாற்பது.
சுவிசில் இருக்கும் நாற்பத்தொரு பேர்தான்
பிராங்கில் எங்களைத் தூக்கிப் பிடித்தார்கள்.

அப்போதுதான் பெட்டி இலக்கம் நானூற்றுப் பதினேழு
நனைந்த குடையோடு ஏறி வந்தா.
பாண்டிருப்பு இராசமலர். கருவாட்டு வியாபாரம்.
கையில் ஐந்நூறு.
கணினி பாதியை எடுக்காது என்றேன்.
"தெரியும்கா. லைன் வேணாம்.
அந்தப் புள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்களே,
மறுகா?"

சொல்லக்கூடாது. ஒப்பந்தத்தில் இருக்கிறது, பத்தாம் பிரிவு,
தட்டச்சு செய்ததே நான்.
கோப்பைத் திறந்தேன்.
"சக்கர நாற்காலி ஒண்டு, மூணு நாள்."
"அப்ப உசிரோட இருக்கா."
"தாலிக்கொடி, கவரிங், அறுநூற்றைம்பது."
"ஆருக்கு?"
"வவுச்சரில் பேர் போடல்ல."

அவ கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்தா.
மழையில் நிந்தவூர் பஸ் ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது.
பிறகு மெல்ல, தானே,
நாற்காலியில் இருந்தவளை எழுப்பினா,
மாமியாரின் வாயை அடைத்தா,
ஒருத்தனை மன்னிக்காமல் விட்டா.
எங்கள் எழுத்தாளர் இரண்டு மாதமாய்
அந்த இடத்தில்தான் மாட்டிக்கிடக்கிறார்.
ஐந்நூறை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனா.

அடுத்த சனி நாலு பேராய் வந்தார்கள்.
பிளேன்டீ ஐந்து, மலிபன் ஒரு பக்கட்.

மாதக் கடைசியில் முதலாளி பேரேட்டில் விரலை வைத்தார்.
"விளம்பரச் செலவு முந்நூற்றெண்பது.
இதென்ன? நமக்கு விளம்பரமே இல்லையே."
நடந்ததைச் சொன்னேன்,
பத்தாம் பிரிவையும் சேர்த்து.
வேலை போகும் என்று கைப்பையை மடியில் எடுத்து வைத்திருந்தேன்.

கீழே யாரோ பெயின்ட் டின்னைக் குலுக்கினார்கள்.
அவர் கண்ணாடியைக் கழற்றி,
கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு,
"மறுகா?" என்றார்.